நீர் புகாத சிறு கமரா: மலைநாட்டு மோட்டார் சைக்கிள் பயணத்துக்குத் தெரிவு செய்தல்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை வழியாக உடப்புசல்லாவைக்குப் போகும் வீதியில் ஒரே முற்பகலில் வெயிலும் பனிமூட்டமும் சாரலும் அடைமழையும் மாறி மாறி வரும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மேலே கூரை இல்லை. அவருடைய சாமானுக்கும் இல்லை. இந்த வீதியில் ஒரு கமரா தாங்க வேண்டியவை நான்கு: மேலிருந்து விழும் மழை, காற்றில் கலந்திருக்கும் ஈரம், எஞ்சினும் குழி விழுந்த தாரும் கொடுக்கும் அதிர்வு, கை நழுவி விழும்போது படும் அடி.

கமராப் பெட்டியில் ஆகப் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதோ தண்ணீருக்குள் எத்தனை மீற்றர் ஆழம் போகலாம் என்பது. கடலில் முக்குளிப்பவருக்கு அந்த எண் முக்கியம். உடப்புசல்லாவைக்குப் போகிறவருக்கு அதைவிட முக்கியமானவை வேறு: மூடி எப்படிப் பூட்டுகிறது, லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, கையுறையோடு பொத்தானை அமுக்க வருமா, மாற்று பெட்டரி கிடைக்குமா. தெரிவு இந்த நான்கையும் சுற்றியே நடக்க வேண்டும்.

## எந்த மாதம், எந்தச் சரிவு

கமராவுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்பதைப் போகும் காலமும் திசையும் சொல்லும்.

- மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் போகிறவர் நாள் முழுக்க மழையை எதிர்பார்க்கலாம். மேற்குச் சரிவின் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும்.
- டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வீசும். அப்போது நனைவது கிழக்கு நோக்கிய உடப்புசல்லாவைப் பக்கம்.
- மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை தெளிவாக இருந்து, பின்னேரம் இடியோடு மழை கொட்டுவது வழக்கம்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா ஏறி உடப்புசல்லாவைக்கு இறங்குகிறவர் இரண்டு சரிவையும் ஒரே நாளில் கடக்கிறார். ஒரு பக்கம் வரட்சி என்றால் மறுபக்கம் மழையாக இருக்கலாம். நீர் புகாத கமரா அங்கே ஆண்டு முழுவதும் பயன்படும் சாமான்.

## கைபேசியே போதாதா?

பணம் செலவழிக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். பயணத்துக்குப் பத்துப் பதினைந்து படம் மட்டும் எடுப்பவருக்கு ஐபி68 தரமுள்ள கைபேசியே போதும். அதற்கு மேல் எடுப்பவருக்கு மூன்று தடைகள் உண்டு.

1. ஈரமான தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது. மழைத்துளி விழுந்தாலே திரை தானாக இயங்கத் தொடங்கும். சாதாரணக் கையுறை போட்ட விரலை அது உணராது.
2. வழிகாட்டி வரைபடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் கைபேசியின் பெட்டரி, படமும் எடுத்தால் பாதி வழியில் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு அழைக்கவும் அதே கைபேசிதான் வேண்டும்.
3. ஹேண்டில்பாரில் பூட்டிய கைபேசியின் கமரா அதிர்வால் பழுதாகலாம். அதிக வலுவுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு, கைநடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸ் பொறிமுறையின் செயல்திறனைக் குறைக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

ஹெல்மெட்டிலோ மார்பிலோ பூட்டும் அக்‌ஷன் கமரா வேறு ரகம். கோப்ரோவின் ஹீரோ வரிசை 2016இல் வந்த ஹீரோ5 முதல் பெரும்பாலும் தனி உறையின்றியே 10 மீற்றர் ஆழத்தைத் தாங்குகிறது. ஓடும் வீதியை வீடியோவாக எடுக்க அது சிறந்தது. ஆனால் அகன்ற கோணம்தான் அதன் இயல்பு; எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களோ தூரத்து நீர்வீழ்ச்சியோ அதில் புள்ளியாகத்தான் தெரியும்.

சாதாரணக் கமராவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு போவதும் ஒரு வழி. உறைக்குள் இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு. படம் எடுக்க வெளியே எடுத்த கணமே அது நனையும் கமரா.

## பெட்டியில் உள்ள எண்களைப் படித்தல்

ஐபி எண். இது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வருவது. முதல் இலக்கம் தூசுக்கு. 6 என்றால் தூசு புகாது. இரண்டாவது தண்ணீருக்கு, 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம், 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்திலும் நேரத்திலும் சோதித்தது. இந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் நடக்கிறது. குழாயால் பீய்ச்சும் தண்ணீருக்கு 5, 6 என்று தனி எண்கள் உண்டு. 8 எண் பெற்ற சாதனம் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று அந்தத் தரம் உத்தரவாதம் தருவதில்லை. மோட்டார் சைக்கிளைக் கழுவும் குழாயைக் கமராவின் பக்கம் திருப்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆழம். 14 மீற்றரோ 30 மீற்றரோ, மழைக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

விழும் உயரம். 1.6 மீற்றர் முதல் 2.4 மீற்றர் வரை குறிப்பிடுவார்கள். இந்தச் சோதனை பொதுவாக 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகையின் மேல் நடப்பது. நின்ற இடத்தில் கை நழுவினால் தப்பிக்கலாம். ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து தாரில் விழுந்தால் இந்த எண் பேசாது.

தாங்கும் பாரம். 100 கிலோகிராம் என்றிருந்தால், பைக்குள் வைத்த கமராவின் மேல் ஒருவர் தவறி உட்கார்ந்தாலும் உடையாது. மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு இது உண்மையிலேயே பயன்படும் எண்.

குளிர். இந்த ரகக் கமராக்கள் பெரும்பாலும் −10 பாகை செல்சியஸ் வரை இயங்கும். நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனி விழும் விடியல்களுக்கு அது தாராளம். இந்த எண்ணை ஒப்பிட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

## படிப்படியாகத் தெரிவு செய்தல்

1. மூடியை முதலில் பார்க்க வேண்டும். பெட்டரியும் மெமரி கார்டும் இருக்கும் மூடிக்கு இரட்டைப் பூட்டு வேண்டும்: ஒன்று தள்ளிப் பூட்டுவது, மற்றது தற்செயலாகத் திறக்காமல் தடுப்பது. மூடிகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பது நல்லது. ஒவ்வொரு மூடியும் தண்ணீர் புகக்கூடிய ஒரு வழி.

2. லென்ஸ் வெளியே நீளாததாக இருக்க வேண்டும். நீர் புகாத சிறு கமராக்களில் ஸூம் முழுவதும் உடலுக்குள்ளேயே நடக்கும். முன்னே நீண்டு வரும் குழாய் உள்ள கமராவுக்கு "துளி படலாம்" என்று விளம்பரம் இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு அது உதவாது.

3. லென்ஸின் எஃப் எண் சிறியதாக இருக்க வேண்டும். பனிமூட்டத்திலும் மழை இருட்டிலும் வெளிச்சம் குறைவு. இந்தக் கமராக்களின் சென்சரும் சிறியது. எஃப்/2.0 லென்ஸ், எஃப்/3.9 லென்ஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மெகாபிக்சல் 12 ஆ 20 ஆ என்பதைவிட இந்த வேறுபாடு படத்தில் நன்றாகத் தெரியும்.

4. ஸூம் தேவையைத் தீர்மானிக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து மடங்குதான் இந்த ரகத்தில் கிடைக்கும். தலவாக்கலைக்கு அருகே வீதியிலிருந்தே பார்க்கும் டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளுக்கு அது போதும். பறவை எடுக்கப் போதாது. டிஜிட்டல் ஸூம் என்று எழுதியிருப்பதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

5. பொத்தான்களைக் கையுறையோடு அமுக்கிப் பார்க்க வேண்டும். குளிரில் விறைத்த விரலுக்கும் கையுறைக்கும் தனித்தனியே விலகி நிற்கும் பெரிய பொத்தான்களே கைகொடுக்கும். இந்த ரகத்தில் பலவற்றுக்குத் தொடுதிரை இல்லை; மழையில் அது குறையே அல்ல.

6. பெட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். மோட்டார் சைக்கிளின் யூஎஸ்பி முனையிலிருந்து வயர் இழுத்து ஓடும்போதே சார்ஜ் செய்யலாம் என்று எண்ணுவது வழக்கமான தவறு. சார்ஜ் முனையின் மூடியைத் திறந்ததும் கமரா நீர் புகக்கூடியதாகிவிடும். மாற்று பெட்டரி ஒன்றும், கமராவுக்கு வெளியே சார்ஜ் செய்யும் கருவியும் வாங்கிவிட்டால் மூடியைத் திறக்கும் தடவைகளும் குறையும்.

7. பழுதுபார்க்கவும் ரப்பர் வளையம் மாற்றவும் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். இலங்கையில் விற்கும் கமராக்களுக்கு ஏஜென்ட் வொரண்டி, கடை வொரண்டி என இரண்டு உண்டு. முன்னது நிறுவனத்தின் உள்ளூர் முகவர் தருவது. பின்னது விற்ற கடைக்காரரின் வாக்கு. எது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும். தண்ணீர் புகுந்த பழுதுக்கு வொரண்டி பொருந்துமா என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாவித்தவரின் கவனக்குறைவால் தண்ணீர் புகுந்தால் பொதுவாகப் பொருந்தாது.

## தெரிந்திருக்க வேண்டிய மாதிரிகள்

இந்த ரகத்தில் புதிதாக வருபவை குறைந்துவிட்டன. கடையிலும் கைமாறும் சந்தையிலும் கண்ணில் படக்கூடியவை இவை.

- ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 (2019), ஓஎம் சிஸ்டம் டிஜி-7 (2023). ஒரே வரிசை; ஒலிம்பஸின் கமராப் பிரிவு 2021 ஜனவரியில் தனி நிறுவனமான பின் பெயர் மாறியது. 12 மெகாபிக்சல், 4 மடங்கு ஸூம், 15 மீற்றர் ஆழம், 2.1 மீற்றர் விழும் உயரம், 100 கிலோகிராம் பாரம். எஃப்/2.0 லென்ஸும், உட்புறம் மூட்டம் படியாதிருக்க முன்கண்ணாடி இரண்டு அடுக்காக இருப்பதும் மலைநாட்டுக்கு இவற்றை முன்னுக்குக் கொண்டு வருகின்றன. டிஜி-7இல் யூஎஸ்பி-சி முனை உண்டு. டிஜி-6இல் பழைய மைக்ரோ யூஎஸ்பி.
- நிக்கோன் கூல்பிக்ஸ் டபிள்யூ300 (2017). 16 மெகாபிக்சல், 5 மடங்கு ஸூம், எஃப்/2.8, 30 மீற்றர் ஆழம், 2.4 மீற்றர் விழும் உயரம். உற்பத்தி நின்றுவிட்டது.
- ரிக்கோ டபிள்யூஜி-6 (2019). 20 மெகாபிக்சல், 5 மடங்கு ஸூம், எஃப்/3.5, 20 மீற்றர் ஆழம், 2.1 மீற்றர் விழும் உயரம், 100 கிலோகிராம் பாரம்.
- ஃபுஜிஃபில்ம் எக்ஸ்பி140 (2019). 16 மெகாபிக்சல், 5 மடங்கு ஸூம், எஃப்/3.9, 25 மீற்றர் ஆழம், 1.8 மீற்றர் விழும் உயரம். வெயிலில் நல்ல படம் தரும், மூட்டத்தில் திணறும்.
- பானாசொனிக் எஃப்டி7 (2018). 20 மெகாபிக்சல், 31 மீற்றர் ஆழம். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வியூஃபைண்டர் இதன் தனிச் சிறப்பு. கடும் வெயிலில் திரை தெரியாதபோது உதவும்.

ஆழத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் டிஜி வரிசை கடைசிக்குப் போய்விடும். லென்ஸின் வெளிச்சத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அதுவே முதலில் நிற்கும்.

## பழைய கமரா வாங்குகிறவருக்கு வாளிச் சோதனை

கைமாறிய கமராவின் வெளித்தோற்றம் எதையும் சொல்லாது. ஒருமுறை பலமாக விழுந்திருந்தால் உடலில் கீறல்கூட இல்லாமல் மூடியின் இருக்கை மட்டும் வளைந்திருக்கும். பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. உரிமையாளரின் சம்மதத்தோடு செய்தால் பின்னால் தகராறு வராது.

1. பெட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றி எடுக்க வேண்டும்.
2. மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு, தட்டையான இடம், வெள்ளைப் பூஞ்சணம் எதுவும் இருக்கக்கூடாது. கம்பளிக் குல்லாவிலிருந்தோ கையுறையிலிருந்தோ உதிர்ந்த ஒரே ஒரு நூலிழை வளையத்தின் குறுக்கே கிடந்தாலும், மூடியை அழுத்திப் பூட்டிய பிறகும் அந்த இழையின் இருபுறமும் மயிரளவு இடைவெளி நிற்கும். தண்ணீர் உள்ளே வர அது போதும்.
3. பெட்டரி இருந்த இடத்தில் உலர்ந்த டிஷ்யூத் துண்டு ஒன்றை மடித்து வைக்க வேண்டும். அது ரப்பர் வளையத்தைத் தொடக்கூடாது.
4. எல்லா மூடிகளையும் இரட்டைப் பூட்டுப் போட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீரில் மெதுவாக அமிழ்த்த வேண்டும். குமிழி தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.
5. அரை மணி நேரம் கழித்து எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறக்க வேண்டும்.
6. டிஷ்யூ வரண்டிருந்தால் மழைக்குத் தாங்கும். ஒரு மூலை நனைந்திருந்தாலும் அந்தக் கமராவை நீர் புகாததாகக் கொள்ளக்கூடாது.

லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் நரம்பு ஓடியிருந்தால் அது பூஞ்சணம். ஈரமான மலைநாட்டு வீடுகளில் அலுமாரிக்குள் கிடந்த கமராக்களில் அடிக்கடி காணப்படுவது. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்காதிருப்பதே நல்லது.

## மோட்டார் சைக்கிளில் கொண்டு போகும் முறை

1. வீட்டுக்குள், உலர்ந்த கையோடு, முழுதாகச் சார்ஜ் ஏறிய பெட்டரியையும் கார்டையும் போட்டு மூடியைப் பூட்ட வேண்டும். வீதியில் மூடியைத் திறக்காமலே நாள் கழிய வேண்டும் என்பதுதான் இலக்கு.
2. கழுத்து வார் வேண்டாம். ஓடும்போது அது ஹேண்டில்பாரிலோ பிரேக் நெம்பிலோ மாட்டலாம். மணிக்கட்டு வார் போதும். அதுவும் வண்டி நின்ற பிறகு மட்டும்.
3. ஹேண்டில்பாரில் கமராவைப் பூட்டக்கூடாது. அடிபடுவதைத் தாங்கும் கமராவுக்கும் மணிக்கணக்கான அதிர்வு நல்லதல்ல, திருகுகள் தளரும்.
4. மார்புப் பையில் வைப்பது வசதிதான். ஆனால் விழ நேர்ந்தால் அந்தக் கட்டிச் சாமான் விலா எலும்பில் இடிக்கும். பஞ்சு வைத்த டாங்க் பையோ, துணி சுற்றி வைக்கும் பின்பெட்டியோ பாதுகாப்பானது.
5. மாற்று பெட்டரியைச் சிறு ஸிப் பையில் போட்டு, ஜெக்கட்டின் உட்பையில் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். குளிரில் லிதியம் பெட்டரி சீக்கிரம் தளரும். சாவி, சில்லறைக் காசோடு அதை ஒன்றாகப் போடக்கூடாது. முனைகள் குறுக்கே இணைந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

## நிறுத்திப் படம் எடுக்கும்போது

படம் எடுக்க வேண்டுமென்றால் வண்டி நிற்க வேண்டும். ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் எடுப்பது, எவ்வளவு பழகிய வீதியானாலும், கூடாது.

1. முடக்கில் நிறுத்தக்கூடாது. இரு பக்கமும் தூரத்திலிருந்தே தெரியும் நேரான இடம், பஸ் நிறுத்தம், தேயிலைத் தொழிற்சாலை வாசல் போன்ற அகலமான இடங்களே பொருத்தமானவை.
2. மூட்டத்தில் லைட்டை அணைக்காமல் வீதி ஓரத்தைத் தாண்டி நிறுத்த வேண்டும். பஸ்ஸும் கொழுந்து லொறியும் அகலமில்லாத வீதியில் ஓரத்தை ஒட்டியே வரும்.
3. நனைந்த மண்ணில் பக்கத் தண்டு புதையும். தட்டையான கல் ஒன்றை அதன் கீழே வைத்து, சரிவில் முதல் கியரில் விட வேண்டும்.
4. படத்துக்காகப் பின்னோக்கி நடக்கக்கூடாது. வீதியின் மறு ஓரம் பல இடங்களில் வேலியில்லாத பள்ளம்.
5. இடி முழங்கும்போது வெட்டவெளி மேட்டில் நிற்கக்கூடாது.
6. தொடர்மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடும். புறப்படும் முன் அதைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை உள்ள பகுதியில் வெட்டிய மண் சரிவின் அடியில் நின்று படம் எடுக்கக்கூடாது.
7. கொழுந்து எடுப்பவர்களையும் லயத்தில் இருப்பவர்களையும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம் அவர்களுடைய சம்பளக் கணக்கு நடக்கும் நேரம். அப்போது குறுக்கே போகக்கூடாது.

குறிப்பு: பனிமூட்டத்தைக் கமரா தானாக அளந்தால் வெள்ளைப் புகை சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை +0.7 ஆக ஏற்றினால் மூட்டம் மூட்டமாகத் தெரியும். மழையில் ஃப்ளாஷ் போட்டால் துளிகள் வெள்ளைப் பொட்டுகளாக விழும். அதை நிரந்தரமாக அணைத்து வைக்கலாம்.

## லென்ஸில் படியும் ஆவி

மலைநாட்டில் கமராவைக் கெடுப்பது மழையைவிட ஆவிதான். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. விடியலில் இன்னும் கீழே. 12 பாகைக் குளிரில் வந்த கமராவை, அடுப்பு எரியும் 25 பாகைத் தேநீர்க் கடைக்குள் கொண்டு போனால் என்ன நடக்கும்? அங்கே காற்றின் ஈரப்பதன் 80 சதவீதம் என்றால், 21 பாகைக்குக் குறைந்த குளிருள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். லென்ஸ் உடனே வெளுக்கும். அது வெளிப்புறம் மட்டும் என்றால் சில நிமிடத்தில் தானே போய்விடும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் ஈரக் காற்று உள்ளே புகுந்து, மறுபடி குளிரில் போனதும் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். அதைத் துடைக்க வழியில்லை.

1. கடைக்குள் போகும் முன் கமராவை ஸிப் பையில் போட்டு வாயை மூட வேண்டும். ஆவி பையின் மேல் படியும்.
2. அரை மணி நேரமாவது சூடேற விட்டபின் வெளியே எடுக்கலாம்.
3. கார்டையோ பெட்டரியையோ மாற்றுவது இரவில், உலர்ந்த அறையில்.
4. உட்புறத்தில் ஆவி தெரிந்தால் படம் எடுப்பதை நிறுத்தி, உலர்ந்த அறையில் மூடியைத் திறந்து சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைக்க வேண்டும். அடுப்புக்கு மேலோ, தலைமயிர் உலர்த்தும் கருவியாலோ சூடாக்கக்கூடாது. ரப்பர் வளையம் உருமாறும்.

உயரமும் சிறிது கணக்கில் வரும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் பூட்டிய கமரா கொழும்புக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2 மீற்றர் தண்ணீரின் அழுத்தத்தளவு கூடும். அதனால் தண்ணீர் புகாது. மூடி மட்டும் இறுகிக்கொள்ளலாம். நெம்பித் திறக்காமல், பூட்டை விடுவித்து மெதுவாக இழுத்தால் காற்று உள்ளே போய் மூடி இலகுவாகும்.

## பயணம் முடிந்த பின்

1. மூடியைத் திறக்கும் முன் கமராவின் மேல் உள்ள சேற்றை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தோட்டத்துப் பீலியில் அலசுவதானால் நேரே பாயும் தாரையின் கீழ் பிடிக்காமல், வாளியில் பிடித்த தண்ணீரில் அமிழ்த்தி அசைக்கலாம். கடலிலோ கடற்கரையிலோ பாவித்திருந்தால் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கூடாது.
2. பொத்தான்களைத் தண்ணீருக்குள் சிலமுறை அமுக்கினால் இடுக்கில் உள்ள மணல் வெளியேறும்.
3. மென்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அதன்பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.
4. ரப்பர் வளையத்தையும் அது அமரும் விளிம்பையும் நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லாத எண்ணெயோ கிரீஸோ பூசக்கூடாது.
5. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள். 110 பாகை அளவு சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் அவற்றை வறுக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- ஆழ எண்ணைப் பார்த்து வாங்கி, இருண்ட லென்ஸோடு மாட்டிக்கொள்வது.
- இரட்டைப் பூட்டில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் புறப்படுவது. பூட்டாத நிலையில் சிவப்புக் குறி தெரியும் மாதிரிகளில் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க வேண்டும்.
- மழையில், ரெயின்கோட்டின் மறைவில், "ஒரு நிமிடம்தானே" என்று கார்டை மாற்றுவது.
- லென்ஸில் உள்ள மழைத்துளியைக் கையுறையால் துடைப்பது. கையுறையில் ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறும். துளியை ஊதித் தள்ளி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்கலாம்.
- பலமாக விழுந்த கமராவை வாளிச் சோதனை செய்யாமல் மறுபடி மழையில் பாவிப்பது.
- நீர் புகாத தன்மை வாங்கிய நாளில் இருந்தபடியே எப்போதும் இருக்கும் என்று நம்புவது. ரப்பர் நாளடைவில் இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுமாறு தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மாற்ற வழியில்லாத கமராவை அதன்பின் சாரலுக்குத் தாங்கும் கமராவாக மட்டும் கொண்டு, அடைமழையில் பைக்குள் வைத்துவிட வேண்டும்.